சுடாத கால்கள்

பஸ்ஸின் நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. வலது கால் செருப்பு, நீல வார், குதிப்பக்கம் நன்றாகத் தேய்ந்தது. அதன் சொந்தக்காரர் அப்போதுதான் கல்லடியில் இறங்கி, ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறும் தார் வீதியுமாக நடந்துகொண்டிருந்தார். நண்பகல் வெயில். நடையில் ஒரு சின்ன நொண்டல்கூட இல்லை. அதுதான் என்னை இருக்கையிலிருந்து எழுப்பியது.

"தம்பி, நிப்பாட்டுங்க" என்று நடத்துநரிடம் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டேன். ஓய்வு பெற்ற தாதி ஒருத்தி, கையில் ஒற்றைச் செருப்போடு, முன்பின் அறியாத ஆண் ஒருவரை வீதியால் துரத்திக்கொண்டு ஓடினால் ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பழக்கடைக்காரர் மட்டும் யோசித்திருக்க வேண்டும். எழுந்து நின்று பார்த்தார்.

"அண்ணன், உங்கட செருப்பு."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இது எப்ப கழண்ட?"

"பஸ்ஸுக்குள்ள. சீனி வருத்தம் எவ்வளவு காலமா இரிக்கி?"

"ஆரு சொன்ன எனக்குச் சீனி எண்டு?"

"உங்கட செருப்புத்தான் சொன்ன."

பழக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைப் போடுவதற்கு முன், காலைத் தூக்கி உள்ளங்காலை ஒருமுறை பார்த்தார். எனக்கு அது போதும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இதை எங்கள் வாட்டுத் தாதிமாரின் வட்ஸப் குழுவில் போட்டதுதான் தாமதம், சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "மிஸ், இப்ப நம்மட வாட்டுக்குப் புண்ணில இருந்து நீர் உறிஞ்சிற மெசின் வந்திரிக்கி. மெசின் வர முந்தி, பழைய காலத்தில நீங்க என்ன செய்தீங்க எண்டு எழுதித் தாங்க." பழைய காலமாம். நான் ஓய்வு பெற்று ஒரு மாரிமழைதான் பெய்திருக்கிறது. வயது மட்டும்தான் அறுபதைத் தொட்டது. பொறுமை இன்னும் பதினெட்டில் நிற்கிறது. வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. ஸ்கூட்டி பழகினேன். இப்போது ஆங்கிலத்தில் புண் பராமரிப்புப் பாடநெறி ஒன்றைக் கைத்தொலைபேசியில் படிக்கிறேன். ஆகவே எழுதித் தருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நிறுத்தச் சொல்வதுதான் உங்களுக்குச் சிரமம்.

பயிற்சிக் காலத்தை ஒரே பந்தியில் முடிக்கிறேன். விரிப்பைச் சுருக்கம் விழாமல் விரிக்கப் படித்தோம். ஊசி போடத் தோடம்பழத்தில் பழகினோம். மனித உடம்பின் எலும்பெல்லாவற்றையும் பாடமாக்கினோம். நீரிழிவுக்காரரின், ஊர் வாயில் சீனி வருத்தக்காரரின், காலைப் பற்றி ஒரு பின்னேர வகுப்பு நடந்தது. அதில் பாதிப்பேர் தூங்கினோம். சத்திரசிகிச்சை வாட்டுக்கு என்னைப் போட்டபோதுதான், இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் தங்கள் கால்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. நெடுநாள் சீனி கூடிக் கிடந்தால் காலின் நரம்பு செத்துப்போகிறது. முள் ஏறினாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது, செருப்புக் கழன்றாலும் தெரியாது. நோவு என்பது உடம்பு நமக்கு வைத்திருக்கும் காவல்நாய். அது குரைக்காவிட்டால் கள்ளன் வரவில்லை என்று அர்த்தமில்லையே.

இதை எனக்குச் சரியாகக் காட்டியவர் எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர். நாங்கள் சேர் என்போம். என்னைவிட வயதில் நன்றாக இளையவர், தென்பகுதிச் சிங்களவர். வந்த புதிதில் அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்றுதான்: "நோகுதா?"

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் முழு வாட்டையும் சுற்றி வருவார். கட்டிலருகே நின்று குனிந்து பார்க்கமாட்டார். காலால் ஒரு குட்டி வாங்கை இழுத்துப்போட்டு அமர்வார், நோயாளியின் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைப்பார். காற்சட்டையில் சீழ் படும், மருந்து படும், கவலையில்லை. பிறகு அமுக்குவார். "நோகுதா?" யாராவது "ஐயோ அம்மா" என்று கத்தினால் சேரின் முகம் பூத்துவிடும். நோகிற கால் உயிருள்ள கால் அல்லவா. ஆனால் கத்தியவருக்கு அது எப்படித் தெரியும்? ஏறாவூர்க் காக்கா ஒருவர், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "மிஸ்ஸி, இந்தாளுக்கு என்ன வருத்தம்? நான் கத்தக் கத்த சந்தோசப்படுறார்."

சேரின் இன்னொரு பழக்கம், நல்ல காலை முதலில் பார்ப்பது. புண்ணுள்ள காலை நீட்டினால் அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு மற்றதைக் கேட்பார். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பார், பாதத்தின் மேல் நாடித்துடிப்புத் தேடுவார், கழற்றி வைத்த செருப்புக்குள் கைவிட்டுத் தடவுவார். அடுத்த புண் அங்கேதான் காத்திருக்கும் என்பது அவர் கணக்கு. நானும் அப்படியே பழகினேன். இன்றைக்கும் ஒருவர் தன் வலது காலைக் காட்டினால் என் கண் இடது காலுக்குத்தான் போகும்.

இனி மருந்து கட்டும் முறை. பழைய கட்டைப் பிய்க்கக் கூடாது. சேலைன் ஊற்றி ஊறவிட வேண்டும். ஊறும் நேரத்தில் கதையுங்கள். வீட்டில் என்ன சமையல், செருப்புப் போட்டீங்களா, காலை யார் பார்த்துவிடுகிறார்கள். கட்டு தானாக நழுவி வரும்போது முதலில் மூக்கால் பாருங்கள், பிறகு கண்ணால். புண்ணைச் சுற்றிக் காய்த்துப்போன தோலைச் சீவுங்கள். காய்ப்பு ஒரு மூடி, அதன் கீழே குளம் இருக்கும். கிருமி நீக்கிய கம்பியால் ஆழம் பாருங்கள். நுனியில் கல்லில் முட்டியதுபோல் பட்டால் அது எலும்பு. உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கட்டிய பிறகும் வேலை முடியவில்லை. தடித்த கம்பளித் துணியில் புண் அளவுக்கு ஓட்டை வெட்டிப் பாதத்தில் ஒட்ட வேண்டும், உடம்பின் பாரம் புண்ணில் விழாதபடி. எந்த மெசின் வந்தாலும், அந்தப் புண்ணை மிதித்துக்கொண்டு திரிந்தால் அது ஆறாது. பிள்ளைகளே, இதை மட்டும் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்ச்சி பார்க்கும் முறையும் உண்டு. தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல் மாதிரி ஒரு நைலோன் நுனி. நோயாளி கண்ணை மூட வேண்டும். நூல் லேசாக வளையுமளவுக்குப் பாதத்தில் அழுத்துவோம். பட்டது தெரிந்தால் "ஓம்" என்று சொல்ல வேண்டும். சில நேரம் வேண்டுமென்றே தொடாமல் சும்மா இருப்பேன். அப்போதும் "ஓம்" வரும். அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது பூபாலபிள்ளை அண்ணன்.

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி. ஓட்டோவிலிருந்து மனைவி யோகம்மா அக்கா தாங்கிப் பிடித்து இறக்கினா. வாட்டுக்குள் ஆள் வருமுன் மணம் வந்தது. சேர் வழக்கம்போல வாங்கை இழுத்துப்போட்டு நல்ல காலைக் கேட்டார்.

"இது நல்ல கால் ஐயா, மத்ததில வருத்தம்" என்றா யோகம்மா அக்கா. பிறகு என்னிடம் மெதுவாக, "டொக்டருக்குக் கண் தெரியாதா மிஸ்ஸி?"

வருத்தமுள்ள கால் வந்தது. பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் கீழே, உள்ளங்காலில் கறுத்துக் காய்த்த ஒரு வட்டம். நான் ஊறவைத்துச் சீவினேன். மூடி திறந்தது. சீழை வடித்துத் துடைத்தபோது இடுக்கியின் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்து எடுத்தேன். பயறு அளவில் ஒரு கரித்துண்டு.

பூபாலபிள்ளை அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அது அம்மன்ட கரி."

"என்ன?"

"எங்கட கோயில் தீமிதிப்பு முடிஞ்சு ரெண்டு கிழமைக்கு மேல. நான்தானே கட்டாடியாருக்குப் பின்னால முதல் ஆள். எறிஞ்சிராதீங்க, இஞ்ச தாங்க. நெத்தியில பூசிற."

"சீழில கிடந்த கரிய நெத்தியில பூசினா நெத்தியிலயும் புண் வரும்" என்று நான் தட்டில் போட்டேன். கட்டாடியார் என்பவர் அந்தக் கோயிலின் பூசாரி. அவர் தீயில் இறங்கிய பின்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

சேர் அமுக்கினார். "நோகுதா?"

"இல்லை ஐயா. ஒரு சொட்டும் இல்லை" என்றார் பூபாலபிள்ளை அண்ணன், பெருமையாக. சேரின் முகம் விழுந்துவிட்டது. கம்பியைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் விரலின் அடியில் அது எலும்பில் முட்டியது.

அந்த விரலைக் கழற்ற வேண்டியிருந்தது. அதோடு நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் கேட்குமா என்று சேராலேயே சொல்ல முடியவில்லை. நான் மொழிபெயர்த்தேன். யோகம்மா அக்கா அழவில்லை. "விரல் போகட்டும். கால் நிண்டாச் சரி. இந்த மனிசன இருத்தி வச்சுப் பாக்க என்னால ஏலாது, அதிகாரம் தாங்க ஒண்ணா" என்றா.

விரல் போனது. காய்ச்சல் இறங்கியது. சீனி கட்டுக்குள் வந்தது. வீட்டுக்கு அனுப்பினோம், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கிளினிக்குக்கு வர வேண்டும், காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்ற கட்டளையோடு. அப்போது பார்த்து வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கட்டை அவிழ்த்தேன், உள்ளே நெற்சுணை.

"இது என்ன அண்ணன்?"

"காத்தில வந்திரிக்கும்."

"கட்டுக்குள்ளயா?"

"எங்கட வயல் வட்டையில காத்துப் பலம் மிஸ்ஸி."

யோகம்மா அக்கா பக்கத்தில் நின்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த செவ்வாய்க்கிழமை வரமாட்டார். பொய் சொன்னாலும் வருகிற ஆள்தான் எனக்கு வேண்டும். "உங்களுக்கு வயலப் பாக்க வேணும், அவ்வளவுதானே? நடக்கவா வேணும்?" என்று கேட்டேன். மறு கிழமை யோகம்மா அக்கா கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினா. உழவு மெசின் இழுக்கும் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் பூபாலபிள்ளை அண்ணன், தலையில் துவாய்க் கட்டு, ஒரு கால் நெல்மூட்டைமேல் நீட்டியபடி, கையை உயர்த்தி யாரையோ ஏசுகிறார். "ராசா எழுந்தருளுறார்" என்றா யோகம்மா அக்கா. கிளினிக்கே சிரித்தது. சேர் அந்தப் படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கினார்.

மாதங்கள் போயின. புண் ஒரு கிண்ணமாக இருந்தது, பிறகு ஒரு பொத்தான், பிறகு ஒரு கோடு. ஒரு செவ்வாய்க்கிழமை கோடும் இல்லை. அன்று நான் கிளினிக்கில் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ போட்டுக் கொடுத்தேன், வழக்கத்துக்கு மாறாக, சீனி போடாமல். தடித்த அடியும் பின்வாரும் உள்ள செருப்பு ஒரு சோடி அவருக்குக் கொடுத்தோம். இந்தப் பிரிவில் இதைவிடப் பெரிய பட்டமளிப்பு கிடையாது.

ஆனால் அடுத்த முறை யோகம்மா அக்கா தனியாக வந்தா.

"மிஸ்ஸி, கோயில் திருவிழா வருகுது. காப்புக் கட்டப் போறாராம். தீ மிதிக்கப் போறாராம். நான் சொன்னாக் கேக்கமாட்டார்."

ஆறிய தோல் புதுத் தோல். உணர்ச்சி இல்லாத கால் அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு கரித்துண்டு போதும், இந்த முறை விரலோடு நிற்காது. "கூட்டி வாங்க" என்றேன்.

வந்தார். நெற்றியில் திருநீறு, முகத்தில் முடிவு. நான் வாங்கில் அமர்ந்து அவர் காலைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.

"மிஸ்ஸி, நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டன். இத மட்டும் சொல்லாதீங்க. மகளுக்குப் புள்ள தங்கினா ஏலுமட்டும் வருசாவருசம் மிதிக்கிறன் எண்டு வச்ச நேத்தி. புள்ள தங்கினா. இப்ப பள்ளிக்கூடம் போறா. அம்மனுக்கு நான் கடன்காரன். அதோட, என்ன அவ சுடமாட்டா. இவ்வளவு வருசத்தில ஒருநாளும் சுட்டதில்ல."

"ஒருநாளுமா?"

"ஒருநாளும்."

"முதல் இறங்கின வருசம்?"

அவர் சிரித்தார். "அது சுட்டதுதான். சின்ன வயசு. நாலெட்டில பாய்ந்து ஓடிட்டன். கட்டாடியார் ஏசினார், குதிரை மாதிரி ஓடாத எண்டு."

"மறுகா?"

"மறுகாவும் சுட்டது. அடுத்தடுத்த வருசமும்." அவர் குரல் மெதுவானது. "அதுக்குப் புறகுதான் சுடாம விட்டது. பக்தி முத்திட்டுது எண்டு நினைச்சன்."

"சீனி எண்டு எப்ப கண்டுபிடிச்ச?"

பதில் யோகம்மா அக்காவிடமிருந்து வந்தது. "அந்தக் காலத்திலதான்."

அந்த மனிதரின் முகத்தை நான் மறக்கமாட்டேன். விரலைக் கழற்றிய அன்றுகூட அவர் அப்படி இருக்கவில்லை.

"அப்ப," என்றார், "அம்மன் என்ன விட்டு எப்பயோ போயிட்டாவா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மன் போகல்ல அண்ணன். நரம்புதான் போயிரிக்கி. இல்லாட்டி இந்தக் கால் இப்ப என்ட மடியில இரிக்குமா?"

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி அவர்கள் ஊருக்குப் போனேன். கட்டாடியார் கோயில் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டார்.

"காப்புக் கட்டினவர் தீயிலதான் இறங்க வேணும் எண்டு இல்ல. தீயால வாறவங்கட காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திறதும் அம்மன்ட வேலைதான். அதை ஊத்தட்டும்" என்றார். "ஆனா கோயில் வீதியில செருப்புக் கூடாது."

"துணி?"

யோசித்தார். "துணி எண்டா துணிதானே."

ஆகவே என் சேவையிலேயே மஞ்சள் பூசிய கட்டு அது ஒன்றுதான். உள்ளே பஞ்சு, தடித்த கம்பளித் துணி, அதன்மேல் நனையாதபடி பொலித்தீன், மேலே மஞ்சளில் தோய்த்துக் காயவைத்த வெள்ளைத்துணி. நிற்பதற்கு ஒரு பலகை. தீக்குழியின் முடிவில் பூபாலபிள்ளை அண்ணன் அண்டாவும் செம்புமாக நின்றார். வழக்கமாக முன்னுக்குப் போகிறவர் கடைசியில் நிற்கிறார் என்று யாராவது கேலி செய்வார்களோ என்று எனக்குப் பயம். பறை முழங்கியது, குரவை எழுந்தது. கட்டாடியார் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். பூபாலபிள்ளை அண்ணன் ஊற்றினார். ஊற்றும்போது ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டார். நான் கிட்டப் போனேன்.

"சுட்டதா?"

"எரிஞ்சு போச்சு பெரியப்பா" என்று ஒரு பெடியன் துள்ளினான்.

"நல்லம். போ. அடுத்த ஆள். சுட்டதா?"

"ஒரு சொட்டும் சுடல்ல" என்றார் அடுத்தவர், மார்பை நிமிர்த்தி. நடுத்தர வயது.

பூபாலபிள்ளை அண்ணன் இரண்டு காலுக்கும் இன்னும் ஒரு செம்பு ஊற்றினார். "அம்மன் அருள். செவ்வாய்க்கிழமை வெள்ளண எழும்பிக் கிளினிக்குக்கு வா."

"ஏன்?"

"நான் சொல்றன், வா."

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக் வாசலில் கோயில் மஞ்சள் இன்னும் போகாத கால்கள் வரிசையாக நின்றன. சேர் திகைத்துப்போனார். நான் விளங்கப்படுத்தினேன். அவர் "சுட்டதா, சுட்டதா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாள் முழுக்க அதையே கேட்டார். வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் கால் நன்றாக இருந்தது. தீயில் நடப்பவருக்குச் சுடாமல் இருக்க மருத்துவம் சொல்லாத காரணங்களும் இருக்கலாம். அதில் நான் தலையிடமாட்டேன். சிலருக்குத்தான் நூல் பட்டது தெரியவில்லை. அந்தச் சிலரும் புண் வருவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அப்படி ஒரு நாளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வரிசையின் கடைசியில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, கட்டாடியார். பக்கத்தில் காவலுக்குப் போல பூபாலபிள்ளை அண்ணன்.

"சுட்டதா எண்டு ஆரும் கேக்காம இரிக்கிறதுக்காக இவர் முதல் ஆளா இறங்குறவர்" என்றார். "நான் ஊத்தக்குள்ள கேட்டன். பதில் சொல்லாமப் போயிட்டார்."

கட்டாடியாரை இருத்தினேன். கண்ணை மூடச் சொன்னேன். நூலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"ஓம்" என்றார் கட்டாடியார் கம்பீரமாக.

"இன்னும் தொடவே இல்ல" என்றார் பூபாலபிள்ளை அண்ணன்.

வாட்டுவரை கேட்கும்படி சிரித்தோம். கட்டாடியாரும் கண்ணை மூடியபடியே சிரித்தார். பிறகு உண்மையாகத் தொட்டேன். குதியில் தெரிந்தது, நடுப்பாதத்தில் தெரிந்தது, பெருவிரலில் மட்டும் தெரியவில்லை. நேரத்தோடு வந்திருக்கிறார் என்றேன்.

நூலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பூபாலபிள்ளை அண்ணனின் முகத்தைக் கவனித்தேன். கன்னமும் மூக்கும் கன்றிச் சிவந்திருந்தன.

"என்ன அண்ணன் இது முகத்தில?"

"தீக்குப் பக்கத்தில நிண்டதுதான்." அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார், ஒரு பரிசைத் தடவுவதுபோல. "கடைசியா நடந்த வருசமெல்லாம் தெரியல்ல மிஸ்ஸி. இந்த வருசம் கரையில நிண்டன். அனல் வந்து மூஞ்சியில அடிச்சிது பாருங்க, கண்ணால தண்ணி வந்திட்டுது."

சேர் ஆவலோடு வாங்கில் முன்னுக்கு நகர்ந்தார். "சுட்டதா?"

"சுட்டது ஐயா" என்றார் பூபாலபிள்ளை அண்ணன். "நல்லாச் சுட்டது."